கழலாத பச்சை வளையல்

வில்லாபுரத்தில் பெரியப்பா வீட்டு மாடியில் இருக்கும் என் மகனுக்கு, விளாங்குடியிலிருந்து உன்னைப் பெற்றவள் எழுதுவது. சுகம் கேட்கும் வரியை நான் விட்டுவிட்டேன். உன் கார்டில் நீயும் விட்டிருந்தாய். மதுரைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். காலையில் ஒரு ஜட்கா பிடித்தால் வெயில் ஏறுமுன் வந்து சேர்ந்துவிடலாம். வந்திருந்தால் கஞ்சியாவது ஊற்றியிருப்பேன். அதை விட்டுவிட்டுத் தபால் போட்டாய். அதையும் உறைக்குள் வைத்து ஒட்டவில்லை, திறந்த கார்டில் எழுதிவிட்டாய். தபால்காரர் வழியிலேயே படித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. "தம்பிக்குக் கல்யாணமாமே, சந்தோசம்த்தா" என்று சொல்லிக்கொண்டே அவர் பார்வை என் கைக்குப் போயிற்று. கையிலிருந்த பச்சை வளையலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முன்பின் பழக்கமில்லாத மனுஷனுக்கு வந்த கூச்சம் உனக்கு வரவில்லையே என்று அன்று முழுவதும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்புகிறேன். நீ ஒருவனே படி. பெரியப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

கார்டில் நீ கேட்டது இரண்டு. தை மாதம் கல்யாணம், பெண் மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள், எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. பெண்ணுக்கு நம் வீட்டுப் பரம்பரை வளையலைப் போடுவதாகப் பெரியப்பா சபையில் சொல்லிவிட்டார். அது அசல் பர்மாப் பச்சைதானா என்று உன் வருங்கால மாமனார் கேட்கிறார், அசலென்றால் கழற்றிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இது ஒன்று. முகூர்த்த நேரத்தில் நான் பந்தலுக்குள் வர வேண்டாம், பந்திக்கு வந்தால் போதும், வெள்ளைச் சேலையும் கையில் வளையலுமாக வந்து நின்றால் பெண் வீட்டார் பேசுவார்கள். இது இரண்டாவது. "நீங்களே புரிந்துகொள்வீர்கள்" என்று முடித்திருந்தாய். புரிந்துகொண்டேன் அய்யா. வளையல் முன்வரிசைக்கு வர வேண்டும், வளையல் போட்ட கை பின்கட்டிலே இலை எடுக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியதைப் புரிந்துகொள்ளாமல் இருக்க நான் ஒன்றும் குழந்தை இல்லை.

அந்தப் பரம்பரை என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வளையலைப் பார்த்துச் சீமைக் கண்ணாடி என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் உன் பெரியப்பாதான். என்றைக்கு அது அவருக்குப் பரம்பரை ஆயிற்று என்று உனக்குத் தெரியாது. அன்று நீ பக்கத்திலேயே இருந்தாய், ஆனாலும் தெரியாது. உன் முதல் கேள்விக்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அசல். எப்படித் தெரியும் என்று உன் மாமனார் கேட்பார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லும்போது உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்தேன். சுவரில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்கு நீ பூப்போட்டுக் கும்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன். இனி எதற்காக மூட வேண்டும்?

உன் அப்பா ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்த்தார். கல்யாணமான கையோடு கப்பலேறியவர், நீ பிறந்து தவழும் பருவத்தில் ஒரு தரம் லீவில் வந்தார். முதல் தடவை புறப்படும்போது வாழை நாரால் என் கையை அளந்து எடுத்துப் போயிருந்தார். மணிக்கட்டை அளக்கவில்லை. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, விரல் முட்டிகளின் மேல் சுற்றி அளந்தார். ஏன் அங்கே என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வந்தபோது அந்த நாரும் இருந்தது, துணியில் சுற்றிய வளையலும் இருந்தது. கண்ணாடி வளையல் என்றால் அளவு பார்த்து வேறொன்று எடுக்கலாம், பொன் வளையலில் திருகு வைக்கலாம். இது ஒரே கல்லைக் குடைந்தது. இம்மி நெகிழாது. என் கையில் சோப்பைக் குழைத்துத் தடவிப் பிசைந்து, தோல் உரிய உரிய ஏற்றினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இம்புட்டு வலிக்குதாக்கும்? பொறு புள்ள. இது ஏறுனா இறங்காது. நான் ஊர்ல இல்லாட்டியும் இது உன் கையில கெடக்கும்ல" என்றார். ஏறியதும் சில்லென்று இருந்தது. சித்திரை வெயிலிலும் அந்தக் குளிர்ச்சி போகவில்லை. எனக்கு அது போதும் போல இருந்தது. சின்ன வயசு, போதுமென்று நினைத்தேன்.

பெரியப்பாவை அது தூங்கவிடவில்லை. தம்பி சம்பாதித்ததை எல்லாம் கல்லாக்கிப் பெண்டாட்டி கையில் மாட்டிவிட்டான் என்று ஒரு புழுக்கம். அசலா என்று பார்த்துவிடலாம் என்று எங்கள் இருவரையும் கோவிலைச் சுற்றியிருக்கும் தெருவில் ஒரு கல் வியாபாரியிடம் அழைத்துப் போனார். வளையல் கழலாது அல்லவா, அதனால் நான் கடைக்கு வெளியே படியில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்ட வேண்டியதாயிற்று. கடைக்குள் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்கு வெற்றிலை வாங்க வந்தவன்கூட எட்டிப் பார்த்தான். நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். மதுரைக்காரர்களுக்குப் பச்சைக் கல் என்றால் மரகதம்தான். அம்மனின் நிறமே மரகதம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள். வேறொரு பச்சைக் கல் உலகத்தில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. அந்த வியாபாரி மரகதத்தைப் பார்க்கிற மாதிரியே இதையும் பார்த்தார். வெயிலுக்கு நேரே என் கையைத் தூக்கிப் பிடித்து, "உள்ள வெளிச்சமே போகலையேண்ணே. கண்மாய்த் தண்ணி கணக்கா கலங்கிக் கெடக்கு. இது மரகதமில்ல, சீமைச் சரக்கு" என்றார்.

"நான் மரகதம்னு சொல்லவே இல்லையே. இது பர்மாப் பச்சை. வேற கல்லு. இது கலங்கித்தான் இருக்கும்" என்று உன் அப்பா சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கடைசியாக ஒரு சோதனை என்று, என் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி வளையலில் இறுக்கிச் சுற்றி, ஊதுவத்திக் கங்கை அதன்மேல் வைத்தார்கள். அசலானால் முடி கருகாதாம். முடி கருகவில்லை. கங்கு நழுவி என் கைதான் கருகியது. "கண்ணாடியில சுத்துனாலும் இப்படித்தான் கருகாம இருக்கும்" என்று அந்த வியாபாரியே சொல்லிவிட்டார். பிறகு எதற்கு வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயசா, கேட்கிற இடமா? தழும்பு இன்னும் இருக்கிறது. நீ சிறுவனாக இருந்தபோது அதைத் தொட்டு, "என்னம்மா இது?" என்று கேட்பாய். அடுப்புச் சுட்டது என்று சொல்லி வைத்தேன்.

அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. ரங்கூன்காரன் பெண்டாட்டியை ஏமாற்றிக் கண்ணாடி வளையல் மாட்டிவிட்டான், அசல் அங்கே எவள் கையிலோ இருக்கிறது என்றார்கள். உன் பெரியம்மா கிணற்றடியில் எல்லோர் காதிலும் விழும்படி, "பாவம், கழட்டவும் முடியாது, கண்ணாடின்னு ஒடைக்கவும் மனசு வராது" என்று எனக்காக இரக்கப்பட்டாள். உன் அப்பா லீவு முடியுமுன்பே புறப்பட்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. பெரியப்பா முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், எனக்கென்று எழுதிய வரி வரும்போது இருமிவிட்டுத் தாண்டிப் போவார். அதற்காகவே பள்ளிக்கூட வாத்தியாரின் சம்சாரத்திடம் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது உனக்கு எழுதுகிற இந்த எழுத்து அப்படி வந்ததுதான். நான் படிக்கக் கற்றுக்கொண்டபோது கடிதங்கள் குறைந்துபோயிருந்தன. கற்றுக்கொண்டதில் எனக்கென்ன மிஞ்சியது? உன் கார்டைப் பிறர் உதவி இல்லாமல் படிக்க முடிந்தது, அவ்வளவுதான்.

பிறகு ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். போனவர்களெல்லாம் மலை வழியே நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சமயநல்லூர் ராவுத்தர் ஒருவர், உன் அப்பாவோடு ஒரே மில்லில் இருந்தவர், கால் இரண்டும் வீங்கி, எலும்பும் தோலுமாக நம் வாசலில் வந்து நின்றார். உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. வழியில் பேதி கண்டு உன் அப்பா போய்விட்டதாகச் சொன்னார். "நாந்தான் குழி தோண்டி வச்சேன் தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சத ஓதுனேன். உங்க மொறை எனக்குத் தெரியாது, தப்பா நெனச்சுக்காத" என்று சொல்லி வாசலிலேயே குந்தி அழுதார். அவ்வளவு தூரம் நடந்து வந்த மனுஷன் சொந்தக்காரன் மாதிரி அழுதார். பெரியப்பா அழவில்லை. கருமாதிக்கு நாள் பார்க்கப் போய்விட்டார்.

கண்மாய்க்கரையில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்துகிறேன். வழக்கப்படி என் தலையில் பூவை வைத்து, இரண்டு கையிலும் முட்ட முட்டக் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். அழகு பார்த்துவிட்டு அழிப்பதுதானே நம் சனங்களின் முறை. தாலியை வாங்கினார்கள். பிறகு வளையல்களை உடைத்தார்கள். கண்ணாடியெல்லாம் கலகலவென்று கரையில் கொட்டியது. பச்சை வளையல் மட்டும் உடையவில்லை. என் இரண்டு கையையும் ஒன்றோடொன்று மோதிப் பார்த்தார்கள். கல்லில் அடித்துப் பார்த்தார்கள். உன் பெரியம்மா அம்மிக் குழவியைக் கொண்டுவரச் சொன்னாள். "கண்ணாடிதானே, ஒரு போடு போட்டா ஒடஞ்சிரும்" என்றாள். என் கை வலியில் தானாகவே இழுத்துக்கொண்டது. அப்போது பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு, "டேய், ஆத்தா கைய ஆடாமப் பிடிச்சுக்கடா" என்றார். நீ வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தாய், அதையும் பார்த்தேன். ஆனால் கெட்டியாகப் பிடித்தாய். குழவி வளையலில் பட்டு நழுவி, என் கட்டை விரல் அடியில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். வளையலில் ஒரு கீறல்கூட இல்லை.

உடையாவிட்டால் அறுத்துவிடலாம் என்று பெரியப்பா வண்டியிலிருந்து அரத்தை எடுத்து வந்தார். குத்த வைத்து உட்கார்ந்து, என் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு ராவினார். அரம் வழுக்கிக்கொண்டே போனது. வளையல்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. ஆகா, அறுபடுகிறது என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெரியப்பா பெருவிரலால் அந்தக் கோட்டைத் துடைத்தார். கோடு விரலோடு வந்துவிட்டது. அது கல்லின் பொடி இல்லை, அரத்தின் இரும்பு. கல் கல்லாகவே இருந்தது. அவர் அரத்தைத் திருப்பிப் பார்த்தார், பற்கள் மழுங்கியிருந்தன. கண்ணாடியாக இருந்தால் அரம் பட்ட இடம் வெண்பொடியாக உதிர்ந்திருக்கும் என்று வண்டி அச்சு ராவிப் பழகிய அவருக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறியதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தம்பி செத்ததற்குக் கலங்காத கண் அப்போது கலங்கியது. குழவியை மறுபடியும் ஓங்கிய உன் பெரியம்மாவைப் பார்த்து, "ஏய், நிறுத்து, ஒடச்சுப்புடாத! அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று கத்தினார். அன்றைக்குத்தான் அது பரம்பரை வளையல் ஆயிற்று. என் கைமேல் இரக்கப்பட்டு ஒருவரும் நிறுத்தவில்லை. வளையலுக்காக நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு என் பாடு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியாது, நீதான் படிக்கப் போகிறேன் என்று பெரியப்பா கட்டிய வில்லாபுரத்து வீட்டுக்குப் போய்விட்டாயே. வெள்ளைச் சேலை கட்டிக் கையில் வளையல் போட்டவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஊருக்குப் புரியவில்லை. சுமங்கலிகள் எதிரே வந்தால் விலகினார்கள். தாலி இழந்தவர்களோ, "அவளுக்கென்ன, இன்னும் மினுக்கிட்டுத் திரியிறா" என்று என்னோடு உட்காரவில்லை. நாற்று நடப் போன இடத்தில்கூடச் சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு நட்டேன். கழற்ற மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நீயும் நம்பியிருப்பாய். லீவுக்கு வரும்போது நீ என் கையைப் பார்க்காமலே பேசுவாய், அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. ராவுத்தர் உடம்பு தேறியபின் ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தார். என் கையைப் பார்த்தார். "இத வாங்குறப்ப நானும் கடையில இருந்தேன் தங்கச்சி" என்றார். கடைக்காரன் ஒரே மாதிரி இரண்டு வளையலை எடுத்து வைத்தானாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாதாம். உன் அப்பா ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். ஒன்று வைத்ததும் சூடேறிவிட்டது, மற்றொன்று நேரமாகியும் குளிர்ந்தே இருந்தது. கையில் வைத்தால் ஒன்று லேசு, மற்றது பார்வைக்கு இருப்பதைவிடக் கனம். விளக்குக்கு நேரே பிடித்தால் ஒன்றுக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் கொப்புளம், மற்றதற்குள் வெள்ளை நூல் பின்னியது மாதிரி ஒரு கலக்கம். நம் ஊர் வியாபாரி எதைக் குற்றம் என்று சொன்னாரோ அதுதான் அசலுக்கு அடையாளம். "எது அசல்னு தெரிஞ்சுக்கிட்டு, ரெண்டையுமே வாங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. இரண்டாவது யாருக்கு என்று கேட்டேன். குரான்மேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்றே கேட்டேன்.

உன் அப்பாவுக்கு அங்கே ஒரு பர்மாப் பெண் இருந்தாள். நான் இங்கே வாழ்ந்த காலமெல்லாம் அவளும் அங்கே வாழ்ந்தாள். ஊரார் சொன்னது அந்த மட்டில் நிஜம். ஆனால் வளையல் விஷயத்தில் ஊரார் தலைகீழாகச் சொன்னார்கள். அசல் எனக்கு வந்தது, கண்ணாடி அவளுக்குப் போனது. ஏன் இப்படி என்று ராவுத்தரே அவரைக் கேட்டாராம். "ஊர்ல இருக்கிறவ ஒத்தையில கெடக்கா, அவளுக்கு அசலே போகட்டும்ணே. இவ கூடத்தான் நான் இருக்கேன்ல" என்றாராம். மலைப் பாதையில் அவளும் கூட நடந்து வந்தாளாம். உன் அப்பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவள் சறுக்கி விழுந்து, வளையல் நொறுங்கி, கையைக் கிழித்துவிட்டதாம். அவர் கண் மூடியபோது தலை அவள் மடியில் இருந்ததாம். புதைத்த பிறகு அவள் திரும்பித் தன் ஊர்ப் பக்கமே நடந்து போய்விட்டாளாம். பிள்ளை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பதில் அசலா போலியா என்று ராவிப் பார்க்க என்னிடம் அரம் ஏதும் இல்லை.

எனக்கு எவ்வளவு கசந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? ராவுத்தர் எனக்கு ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். "பாத்தியா தங்கச்சி, ஒனக்குத்தான் அசலக் குடுத்தாரு" என்றார். அசலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தன்னை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி போட்டவளுக்குச் சேர்ந்து சாப்பிடவும் சண்டை போடவும் கடைசியில் மடியில் தாங்கவும் ஒரு மனுஷன் இருந்தான். எனக்குச் சில்லென்று ஒரு கல் இருந்தது. கடைக்காரன் இரண்டையும் என் முன்னால் வைத்திருந்தால் நான் எதை எடுத்திருப்பேன் என்று கேட்கிறாயா? கண்ணாடியைத்தான் எடுத்திருப்பேன். யோசிக்கக்கூட மாட்டேன். அவரை நான் மன்னிக்கவில்லை. அவள்மேலும் எனக்குப் பொறாமை போகவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று நீ முகம் சுளிப்பாய். உயிரோடு இருக்கிறவளைப் பற்றி நீ கார்டில் எழுதியதை எடுத்து ஒரு தரம் படித்துக்கொள்.

உன் கார்டு வந்த அன்று, கோபத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பெற்ற மனசு வெட்கங்கெட்டது. உன் பெண்டாட்டி கையில் அது இருந்தால் என்னை நினைப்பாள் என்றுகூட ஒரு சபலம். சோப்பைக் குழைத்துத் தடவினேன். விளக்கெண்ணெய் தடவினேன். தண்ணீரில் ஊற வைத்தேன். வளையல் விரல் முட்டிவரை வருகிறது, அதற்கப்புறம் அசையவில்லை. கட்டை விரலை உள்ளே மடக்கினால்தான் அது இறங்கும். குழவி விழுந்த நாளிலிருந்து என் கட்டை விரல் மடங்குவதில்லை. முறிந்த எலும்பு கோணலாகக் கூடி முண்டு கட்டிவிட்டது. நீங்களெல்லாம் சேர்ந்து கழற்றப் பார்த்ததினால்தான் அது இனி ஒருக்காலும் கழலாது. பெரியப்பாவிடம் இதைச் சொல். அவர் அரத்தை எடுத்துக்கொண்டு வரட்டும், இந்த முறை எதை அறுக்கிறார் என்று பார்ப்போம்.

ஆனாலும் உன்னை வெறுங்கையோடு விடவில்லை. பையில் துணி சுற்றி ஒரு வளையல் வைத்து, இந்தக் கடிதத்தோடு தெரிந்த ஆள் வசம் கொடுத்தனுப்புகிறேன். புதுமண்டபத்து வளையல் கடையில் நானே போய்ப் பொறுக்கி வாங்கினேன். பச்சைக் கண்ணாடி. உன் மாமனார் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும், வெளிச்சம் அழகாக உள்ளே போகும், மதுரைக்காரருக்கு மனசு குளிர்ந்துவிடும். கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லாதே, ஊசியால் கீறிப் பார்க்கவும் சொல்லாதே. இல்லை, உண்மையைச் சொல்லிக் கொடுப்பதானால் இன்னும் நல்லது. உன்னைக் கேலி செய்வதற்காக இதை அனுப்பவில்லை. பாதி கேலிதான், ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைக் கவனமாகக் கேள். இதை அந்தப் பெண்ணின் கையில் நீயே போட்டுவிடு. உடைந்தால் வேறொன்று வாங்கிப் போடு. அடிக்கடி உடையட்டும், அடிக்கடி வாங்கிப் போடு, அதற்காகவாவது நீ பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கும். கழலாத வளையல் ஒன்றை அவள் கையில் ஏற்றிவிட்டு, இனி இவளுக்கு என்ன குறை என்று நீ உன் வழியில் போய்விடாதே. உன் அப்பாவுக்குக் கல்லைச் சோதித்து வாங்கத் தெரிந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கடிதத்திலாவது கேட்கத் தெரியவில்லை.

அசல் வளையல் கல்யாணத்துக்கு வரும். என் கையில்தான் வரும், வேறு வழியில் வராது. முகூர்த்த நேரத்தில் நான் பந்தலுக்குள் இருப்பேன். பந்திக்கு மட்டும் வந்து தின்றுவிட்டுப் போக மாட்டேன். வெள்ளைச் சேலைதான் கட்டி வருவேன், வளையலைத் தலைப்பால் மூட மாட்டேன். உன் மாமனார் சபையிலேயே தொட்டுப் பார்க்கட்டும், சில்லென்று இருக்கும். மணமேடையில் அந்தப் பெண் குனிந்தால் இந்தக் கையால்தான் அட்சதை போடுவேன். பேசுகிறவர்கள் பேசட்டும், எனக்குப் பழக்கம்தான். என்னைப் பந்தலை விட்டு வெளியேற்ற வேண்டுமென்றால், யாராவது வந்து என் முழங்கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். எப்படிப் பிடிப்பதென்று உனக்குத் தெரியும்.